தாவரவியல் பிராக்டிகல்

அந்த ஆவணியில் டிராக்டர் வரவில்லை.

வழக்கமாக ஏரி மதகைத் திறந்த மறு வாரமே தாமோதரனின் டிராக்டர் திருப்புலிவனம் காலனி முனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். பெண்கள் கூழைக் குடித்தும் குடிக்காமலும் ஓடிவந்து டிரெய்லரில் ஏறிக்கொள்வார்கள். உத்திரமேரூரைத் தாண்டி மானாம்பதி சாலையில் இருக்கிறது அவருடைய கழனி. நடவு முடியும் மட்டும் காலனியில் அடுப்பு ஒழுங்காக எரியும், கருவாட்டுக் குழம்பு மணக்கும், கடைக்காரனும் முகம் சுளிக்காமல் சாமான் கொடுப்பான். அந்த வருடம் மதகைத் திறந்தாயிற்று. பக்கத்துக் கழனிகளில் தண்ணீர் கட்டி, மண்ணைச் சேறாக்கிச் சேடை ஓட்டியாயிற்று. டிராக்டரை மட்டும் காணோம்.

நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிற செங்கேணி, பஸ் ஏறிப் போய் அவருடைய அரிசி மில்லில் விசாரித்துவிட்டு வந்தாள். இந்த வருடம் ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நடவு மட்டும் நடக்கிறதாம். அப்படியென்றால் வந்தவாசிப் பக்கமிருந்து கூலியைக் குறைத்து ஆள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பெண்கள் தாங்களாகவே முடிவுகட்டினார்கள். அந்த முகம் தெரியாத வந்தவாசிக்காரிகள் கால் அழுகிச் சாக வேண்டும் என்று குழாயடியில் ஆளுக்கொரு சாபம் விட்டார்கள். பாக்கியமேரியும் விட்டாள். அவள் சாபம்தான் பலித்தது.

பாக்கியமேரிக்கு ஒரே மகள். பெயர் லூர்து. தாமோதரனின் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் மூன்றாம் வருடம். காலனியில் கல்லூரிப் படியேறிய முதல் பெண். புருஷன் ஞானதாஸ் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர். நாங்கள் ரெண்டு பேரும் மிதித்த சேறு போதும், மகள் காலில் சேறு படக் கூடாது என்பது அந்த வீட்டில் வேதவாக்கு. நடவு நாட்களில் பிள்ளையைக் கழனிக்குக் கூட்டிப் போகாமல் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போனவள் பாக்கியமேரி. மழைக்காலத்தில் தெரு சகதியாகிவிட்டால், வளர்ந்த பெண்ணை ஞானதாஸ் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறக்கிவிட்டதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்றார் அவர்.

கல்லூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமோதரனின் தகப்பனார் ஏகாம்பரம், மூட்டை அடுக்கக் கட்டிய நெல் கிடங்குதான் கல்லூரி. நடுவில் தட்டி வைத்து வகுப்புகளாக்கி, தகப்பனார் பெயரையே வைத்து, வாசலில் அவர் சிலையையும் வைத்தார் மகன். தாமோதரன் அதற்குக் கரஸ்பாண்டன்ட். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறக்க வந்தவர் என்று மேடையில் பேசாத ஆள் கிடையாது. கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, கையை நன்றாக மூடத் தெரிந்தவர். வணிகவியல் மாணவர்கள் அவருடைய மில் கணக்கை எழுதினார்கள், அது அவர்களுக்குப் பயிற்சி. பௌதிகம் படித்தவர்கள் பம்ப்செட்டைக் கழற்றி மாட்டினார்கள், அது அவர்களுக்குச் சோதனைச்சாலை. கூடைப்பந்து மைதானத்தில் அவருடைய நெல் காயும். கல்லூரியின் செலவைக் குறைத்தாரா, தன் வீட்டுச் செலவைக் கல்லூரி தலையில் ஏற்றினாரா என்று யாராவது கேட்டிருந்தால் நல்லது. எங்கள் ஊரில் யார் கேட்பது.

அன்றைக்குச் சாயங்காலம் லூர்து பஸ்ஸிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்தாள். பாக்கியமேரி அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, செருப்பு கடித்துவிட்டது என்றாள் மகள்.

"செருப்பு குதிங்கால்ல கடிக்கும். நீ வெரல ஊனாம நடக்கிற. காட்டு."

"ஒண்ணும் இல்லம்மா."

"காட்டுன்றன் இல்ல."

துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து வந்து காலைப் பிடித்துத் தூக்கினாள். விரல் இடுக்குகள் வெளுத்து ஊறி, தோல் வழன்று, உள்ளே சிவந்து நீர் கோத்திருந்தது. பாக்கியமேரி குனிந்து மோந்துகூடப் பார்த்தாள். கல்யாணமானது முதல் ஆவணிக்கு ஆவணி அவள் காலுக்கு வந்துபோகிற அதே சேற்றுப்புண். அதே நாற்றம். உலகத்தில் எந்த டாக்டரும் அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எந்தக் கயனியில எறங்குன?"

லூர்து காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கேக்கறன் இல்ல? எந்தக் கயனி?"

"காலேஜிக்குப் பின்னாலம்மா. பிராக்டிகல்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இந்த வருடம் தாவரவியல் பிள்ளைகளுக்குக் காலையில் பாடம், மத்தியானம் நடவு. நெல்லும் தாவரம்தானே என்று கரஸ்பாண்டன்ட் வகுப்பில் வந்து சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஊர்த்தெருப் பிள்ளைகள் வரப்பில் நின்று எத்தனை குத்து நாற்று நட்டாயிற்று என்று எழுதிக்கொள்வார்கள். காலனிப் பிள்ளைகள் கழனியில் இறங்குவார்கள். யாரும் அப்படிப் பிரித்து நிறுத்தவில்லை, தானாகவே பிரிந்துவிட்டது. தினமும் பம்ப்செட்டில் கால் கழுவி, பாவாடையை அலசி, காயவைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு வரவேண்டிய வேலையைத்தான் தான் செய்கிறோம் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை.

பாக்கியமேரி முதலில் மகளை அடித்தாள். பிறகு மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து, விரல் விரலாக விலக்கித் தடவினாள். தடவும்போதுதான் குழாயடியில் விட்ட சாபம் ஞாபகம் வந்தது. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். துடைத்தால் போகிற சாபமா அது.

"பூதக்கண்ணாடி இன்னாச்சி?" என்று கேட்டாள்.

மைக்ராஸ்கோப்பைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். முதல் வருடம் சேர்ந்தபோது லூர்து ஒரு நாள் வெங்காயத்தை உரித்து, உள்தோலைத் தூக்கிப் பிடித்து, இதைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் உள்ளே காலனி மாதிரி வரிசையாக வீடுகள் தெரியும் என்று சொல்லியிருந்தாள். பாக்கியமேரிக்கு அது பெரிய அதிசயம். குழாயடியில், கழனியில், கோயிலில் எல்லாரிடமும் சொன்னாள். மாசத்துக்கு ஒருமுறை மகளிடம், பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்பாள். இன்னும் இல்லை, அடுத்த மாசம் காட்டுவார்கள் என்பாள் லூர்து.

"பீரோவுல பூட்டி வெச்சிக்கீறாங்கம்மா. ஆயுதபூசைக்கு எடுத்துப் பொட்டு வெப்பாங்க. அத்தோட சரி."

"மூணு வருசமாவா?"

"கடைசிப் பரீட்சைக்கு யுனிவர்சிட்டியில இருந்து ஆள் வருவாங்க. செடித் தண்ட பிளேடால சீவி, அதுல வெச்சிப் பாத்து வரையச் சொல்லுவாங்க. அத்தத் தொட்டதே இல்ல நானு. பெயிலுதான். இங்க நடவுக்குப் போடுற மார்க்காச்சும் வந்தா தப்பிக்கலாம்."

சூளையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்த ஞானதாஸ், மகளின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. அன்று மூவரும் அதைத்தான் தின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கரஸ்பாண்டன்ட்டைப் பார்க்கப் போனார்கள். அவர் கல்லூரி மைதானத்தில் நாற்காலி போட்டு, காய்கிற நெல்லுக்குக் காக்கா விரட்டுகிற வாட்ச்மேனை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற ஆளில்லை. கத்துகிற ஆளாயிருந்தால் திருப்பிக் கத்திவிட்டாவது வரலாம். வெல்லம் மாதிரிப் பேசுவார். கேட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் நாக்கில் கசக்கும்.

ஞானதாஸ் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளின் கால் புண்ணைச் சொன்னார். கழனி வேலை வேண்டாம், படிப்பு மட்டும் போதும் என்று சொன்னார். அந்தக் கண்ணாடியையும் மெதுவாகச் சொன்னார்.

"அது ஒடஞ்சா யாரு வாங்கிக் குடுப்பா ஞானதாஸ், நீயா?" என்று சிரித்தார் தாமோதரன். பிறகு, பாடம் சொல்லித்தருகிற மாதிரி ஆரம்பித்தார். "காலேஜ் நடத்துறது லேசா? மெட்ராசுல இருந்து வாத்தியார் வரணும். அவருக்குச் சம்பளம், கரண்டுக்குக் காசு, கூரைக்குக் காசு. செலவ இழுத்துப் புடிக்கலன்னா மூடிட்டுப் போவேண்டிதுதான். மூடிட்டா உம் பொண்ணு எங்க போவும்? மெட்ராசு காலேஜில கூப்ட்டு ஒக்கார வெப்பானா?"

"அதுக்குன்னு படிக்கிற பிள்ளைய நடவு நட வுடறதாய்யா?" என்றாள் பாக்கியமேரி.

"நீ நட்டா கூலி. உம் பொண்ணு நட்டா படிப்பு. அதாம்மா வித்தியாசம்." கொஞ்ச நேரம் நெல்லைப் பார்த்தார். அவருக்கு ஒன்று தோன்றியது முகத்திலேயே தெரிந்தது. "சரி. கால் புண்ணுன்ற. எனக்கும் பெண்ணுங்க கீறாங்க. உம் பொண்ணு எறங்க வாணாம். ஆனா எறங்காத ஆளுக்கு மார்க் போட்டா மத்த பசங்க கேப்பாங்க. நீ வந்து எறங்கு பாக்கியம். தாய் செஞ்சா மவ செஞ்ச மாதிரிதான். மார்க்க முழுசாப் போடச் சொல்றேன்."

கேட்கும்போது அது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அந்த ஆளின் திறமை. பாக்கியமேரி கும்பிட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் போய் இறங்கினாள். மகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை செங்கேணி வந்தாள், அவள் தங்கை மகனும் அங்கேதான் படித்தான். அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் பல தாய்மார்கள் வந்துவிட்டார்கள். பிள்ளை காலில் புண்ணைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். போன வருடம் டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போன அதே பெண்கள், அதே கழனிக்கு, இந்த வருடம் தங்கள் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். கூலி கிடையாது. கூலிக்குப் பதில் பிள்ளைக்கு மார்க். தாமோதரன் பிள்ளைகளை வைத்துக் கூலியை மிச்சம் பிடித்தார். தாய்மார்களை வைத்துப் பிள்ளைகள் நட்ட கோணல் நடவையும் சரிசெய்துகொண்டார். வரப்பில் குடை பிடித்து நின்று, பரவாயில்லையே, கல்வி மேல் ஜனங்களுக்கு என்ன பற்று என்று வாத்தியார்களிடம் சொல்லிக்கொண்டார்.

பெண்களும் முட்டாள்கள் இல்லை. என்ன நடக்கிறது என்று இரண்டாம் நாளே பேசிக்கொண்டார்கள். ஆனாலும் நாற்றைக் கையில் எடுத்தால் அவர்களுக்கு அரைகுறையாக நடத் தெரியாது. நாற்றுக் கட்டை முடி என்பார்கள். செங்கேணி ஒரு முடி நாற்றைக்கூட வரப்பில் காயவிட மாட்டாள். யார் கழனியாயிருந்தாலும் பறித்த நாற்றைக் காயவிடுவது, பெத்த பிள்ளைக்குச் சோறு போடாமல் கதவைச் சாத்துகிற மாதிரி என்பாள். வேலை முடிகிற நேரத்தில் மிச்சம் இருந்தால் இருட்டுகிற வரை நின்று நட்டுவிட்டுத்தான் கரையேறுவாள். பாக்கியமேரியும் அப்படித்தான்.

கடைசித் துண்டு நடவு நடந்துகொண்டிருந்தபோது யுனிவர்சிட்டிக் குழு வந்தது. கல்லூரியில் புதிதாக மேல்படிப்பு வகுப்பு தொடங்க தாமோதரன் கேட்டிருந்தார். அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். இரண்டு ஆண்கள், ஒரு தாவரவியல் பேராசிரியை. அன்று எல்லாப் பிள்ளைகளும் சலவை உடுப்பில் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் சிலைக்கு மாலை. சமையல்கட்டில் பிரியாணி.

தாமோதரன் குழுவை வரப்பு மேல் அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வெளி ஆள் யார் வரப்பில் வந்தாலும் நடவுப் பெண்கள் ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்துக் காசு கேட்பார்கள். வந்தவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். முடியைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் அந்தக் கழனி விளங்காது, தாண்டினவன் குடும்பமும் விளங்காது.

பாக்கியமேரி சேற்றிலிருந்து ஏறி வந்து பேராசிரியை காலடியில் ஒரு முடியை வைத்தாள்.

"இவங்கல்லாம் நம்ம ஸ்டூடன்ட்ஸோட தாய்மாருங்க மேடம்" என்றார் தாமோதரன். "காலேஜ் மேல இருக்கிற பாசத்துல வந்து செய்யறாங்க. காசு கேக்கறாங்க, இங்க அது ஒரு பழக்கம்."

அந்த அம்மாள் மனம் நெகிழ்ந்துபோய்க் கைப்பையைத் திறந்தார்.

"காசு வாணாம்மா" என்றாள் பாக்கியமேரி. "எம் பொண்ணு மூணு வருசமா தாவரம் படிக்குது. அந்த பூதக்கண்ணாடிய ஒரு வாட்டி தொறந்து காட்டச் சொல்லுங்க. அது போதும்."

பேராசிரியை தாமோதரனைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு லேபுக்குத்தான் போகப்போகிறோம் என்றார் தாமோதரன். இருந்தாலும் பேராசிரியை ஒரு ரூபாய் நோட்டை நாற்றின் மேல் வைத்துவிட்டு, முடியைத் தாண்டாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனார். பாக்கியமேரி அந்த நோட்டைத் தொடவில்லை. காற்றில் புரண்டு சேற்றில் விழுந்தது.

பிரியாணி வாசனை கழனி வரைக்கும் வந்தது. பெண்கள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பழைய கூழைக் கரைத்துக் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் லூர்து ஓடிவந்தாள், புண் காலோடு.

"கெளம்பறாங்கம்மா. லேபுக்கே போவல. கையெழுத்துப் போட்டுட்டாங்க."

பாக்கியமேரி கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். ஒரு முடி நாற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செங்கேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். மற்றவர்களும் ஆளுக்கொன்று. நீர் சொட்டச் சொட்ட அவர்கள் கல்லூரி வாசலுக்கு வந்தபோது கார் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பாக்கியமேரி காருக்கு முன்னால் சரளை ரோட்டில் முடியை வைத்தாள். அதை ஒட்டிச் செங்கேணி வைத்தாள். ரோட்டின் அகலத்துக்கும் பச்சை வரிசை கட்டியது. வைத்துவிட்டுச் சும்மா ஓரமாக நின்றார்கள்.

வழியனுப்ப வெளியே நின்ற தாமோதரன் ஜன்னல் வழியே டிரைவரிடம், புல்லுதானே, ஏற்றிக்கொண்டு போ என்றார். டிரைவர் பெயர் சின்னராசு. மெட்ராஸ் வண்டிதான் ஓட்டினான். ஆனாலும் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"நானும் இந்தப் பக்கத்து ஆளுதான் சார், ஊரு பயசீவரம். வேலைய வுட்டு வேணா அனுப்புங்க. நாத்து மேல வண்டிய ஏத்த மாட்டேன்."

மத்தியான வெயில் கொளுத்தியது. காருக்குள் இருந்த மூவருக்கும் வேர்த்தது. கடைசியில் பேராசிரியைதான் இறங்கினார். இரண்டு நிமிஷ வேலை, திறந்து காட்டிவிடுங்களேன் என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்ததா, எரிச்சல் இருந்ததா, எனக்குத் தெரியாது. தாமோதரன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

பீரோவிலிருந்து பெட்டி வந்தது. பெட்டியின் மேல் காய்ந்த சந்தனம், போன வருடத்துக் குங்குமம். பெண்கள் சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூடாதென்று வாசற்படியில் நிறுத்தப்பட்டார்கள். லூர்து சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் ஒன்றை வாங்கி உரித்து, உள்தோலை எடுத்துவந்தாள். மூன்று வருடமாகப் புத்தகத்தில் படித்திருந்தாள், எப்படி உரிப்பதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேராசிரியை அதைக் கண்ணாடித் துண்டில் பரப்பி வைத்து, குனிந்து பார்த்தார். திருகைத் திருகினார். கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு விலகி நின்றார்.

லூர்து குனிந்து கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இன்னாடி தெரியுது?" என்றாள் பாக்கியமேரி வாசற்படியிலிருந்து. "வூடு வூடா கீதா?"

"ஒண்ணும் இல்லம்மா." லூர்து நிமிர்ந்தாள். "உள்ள பூசணம் புடிச்சிக் கீது."

ஈரச் சுவர் அறையில் காற்றில்லாமல் பூட்டி வைத்தால் லென்ஸில் அப்படித்தான் வரும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பேராசிரியை தாமோதரனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். போட்ட கையெழுத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காருக்குப் போனார். சின்னராசு நாற்று முடிகளை ஒவ்வொன்றாகக் கும்பிட்டுத் தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கார் மறைகிற வரை கை கூப்பி நின்ற தாமோதரன் திரும்பினார். முகத்தில் கோபமில்லை. லூர்துவை மட்டும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவள் மார்க்கு போய்விட்டது, பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"பாத்தாச்சி இல்ல? போதுமா? போங்க, போய் நடவப் பாருங்க. நாத்து காயுது பாரு."

ரோட்டோரத்தில் நாற்று முடிகள் கிடந்தன. சரளை கொதித்தது. நுனிகள் அதற்குள் சுருள ஆரம்பித்திருந்தன. லூர்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள். பெண்கள் அவள் பின்னால் போனார்கள். செங்கேணியால் அப்படி விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நின்றாள், குனிந்து ஒரு முடியைத் தூக்கினாள்.

"பாக்கியம், காயுதேடி."

பாக்கியமேரி திரும்பி வந்தாள். செங்கேணி கையிலிருந்த முடியை வாங்கினாள். வேரிலிருந்த சேறு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதை மெல்ல, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"காயட்டும்" என்றாள்.